பாஸாகாத விளக்கம்

ஆங்கில வார்த்தைகளுக்குச் சின்னப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி தமிழில் விளக்கம் எழுதுவது என் வேலை. அதென்ன பெரிய கம்ப சூத்திரமா என்று கேட்பவர்கள் ஒரு நாள் எழுதிப் பார்க்கட்டும். எங்கள் பதிப்பகத்தின் விதி பொல்லாதது. வார்த்தையை மறைத்துவிட்டு, விளக்கத்தை மட்டும் ஒரு குழந்தையிடம் படித்துக் காட்ட வேண்டும். அது கண்டுபிடித்தால்தான் பாஸ்.

எனக்கு வாய்த்த நீதிபதி என் மகள். வயது ஆறு, பட்டப்பெயர் வாலு.

அன்று அவளுடைய அப்பா செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். தூரத்துத் துறைமுகம் ஒன்றில் கிரேன் ஓட்டுகிறார், லீவில் வந்திருந்தார். இன்னும் மூன்று வருஷம் அங்கேயே இருக்கச் சம்மதமா என்று கம்பெனி கேட்டிருந்தது. அன்றைக்கே பதில் சொல்லியாக வேண்டும்.

“நீயே ஒரு முடிவு சொல்லேன்” என்று என் தலையில் கட்டப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகாதீர்கள் என்று சொல்லத்தான் ஆசை. பின்னால் குத்திக்காட்டுவாரோ என்று பயம். விளக்கத் தாளை எடுத்துக்கொண்டு வாலுவைக் கூப்பிட்டேன்.

“திறக்கும், மூடும். அது என்ன?”

“வாய்” என்றாள் வாலு.

கதவு ஃபெயில். அடுத்து குடை.

“மழை வந்தா இதுக்குக் கீழ நிப்போம்.”

“பஸ் ஸ்டாப்.”

அவர் சிரித்துவிட்டார். எனக்கோ, இந்தத் தலைக்குள் எதை எதற்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறாள் என்று எட்டிப் பார்க்க ஆசையாக இருந்தது. அவருக்கும் அந்த ஆர்வம் தொற்றிக்கொண்டது. பாயில் வந்து உட்கார்ந்து, “குடு, அடுத்தத நான் படிக்கிறேன்” என்று தாளை வாங்கினார். அடுத்த வார்த்தை, ‘கெஸ்ட்’, அதாவது விருந்தாளி.

“நம்ம வீட்டுக்கு வருவாங்க. கொஞ்ச நாள் தங்குவாங்க. அப்புறம் கிளம்பிப் போயிடுவாங்க. யாரு?”

“இது ஈஸி” என்றாள் வாலு. “நீங்கதான்ப்பா.”

அவர் முகம் சுண்டிப்போனது.

“விளக்கம் சரியில்ல, மாத்திடு” என்றார் என்னிடம்.

“எத மாத்தணும், சொல்லுங்க. மாத்திடறேன்.”

தாளை மறுபடியும் படித்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். மாற்ற ஒன்றும் அகப்படவில்லை.

“பாஸா, ஃபெயிலாப்பா?” வாலு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“ஃபெயில்மா” என்றார். பிறகு கம்பெனிக்குப் போன் போட்டு, நான் வரவில்லை என்று சொன்னார்.