சாத்திக்கொள்ளாத கதவுகள்

பஸ் டிரைவரைப் பிடித்துச் சிறையில் போட்ட நாளிலிருந்து, அவர் மனைவி கைவைத்த எந்தக் கதவும் அதற்குப் பிறகு சாத்திக்கொள்ளவில்லை. முதலில் போனது அவள் வீட்டு வாசற்கதவு. அடுத்தது, அவள் துணி வெளுக்கும் ஆஸ்பத்திரியின் சலவை அறைக் கதவு. தச்சர் வந்து இழைத்தார், கீலுக்கு எண்ணெய் விட்டார், கடைசியில் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அனுமதி வாங்காமல் யாரும் கூடி ஜெபிக்கக் கூடாது என்று அப்போது சட்டம் இருந்தது. ஒரு வீட்டு மாடியில் ஜெபித்தவர்களைப் போலீஸ் அள்ளிவந்து டிரைவரின் பஸ்ஸில் ஏற்றி, ஜீப்பின் பின்னாலேயே ஸ்டேஷனுக்கு ஓட்டிவரச் சொன்னது. அவர் சந்தை முனையில் வண்டியை நிறுத்தி, "எல்லாரும் இறங்கிப் போங்க" என்றார். போனார்கள். அவர் மட்டும் போகவில்லை. வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை.

மனைவி முதலில் போதகரிடம் போனாள். "ஆத்துமாவுக்கு யாரும் சங்கிலி போட முடியாதும்மா. உள்ளுக்குள்ள அவர் சுதந்திரமாத்தான் இருக்கார்" என்றார் அவர். பிறகு மாவட்ட அதிகாரியிடம் போனாள். அவரும் வார்த்தை பிசகாமல் அதையே சொல்லி, "உங்க மதமே அதைத்தானேம்மா சொல்லுது?" என்று சிரித்தார். அவளுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது.

"அப்போ அவர் காலுல கிடக்கிறது என்ன, கொலுசா?"

கேட்டுவிட்டுக் கதவை அறைந்து சாத்தப் போனாள். அது சாத்திக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு வேண்டுமென்றே தொட்டாள். தணிக்கை அலுவலகத்தைத் தொட்டாள், ரகசியக் கோப்பறையைத் தொட்டாள், அதிகாரிகளின் கழிப்பறையையும் விடவில்லை. அவள் கதவுகளைத் தொடக் கூடாது என்று தனிச் சட்டமே வந்தது. மறுநாளே கருவூலக் கதவைத் தொட்டாள். கைதுசெய்து சிறைக்குக் கொண்டுபோனார்கள். எங்கே யாரைக் கொண்டுபோகிறோம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மேலிடத்து உத்தரவில் யோசிக்கச் சொல்லியிருக்கவில்லை.

பெரிய கேட்டிலிருந்து கடைசிக் கொட்டடிவரை ஒவ்வொரு கதவாகத் தடவிக்கொண்டே நடந்தாள். கைதிகள் அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். கணவர் மட்டும் திறந்த கொட்டடிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் போயிட்டா இந்த வார்டர் தம்பி தலை உருளும். அவனுக்கும் சேர்த்துத்தானே கர்த்தர் பாடுபட்டார்? நான் இங்கேயே சமாதானமா இருக்கேன்" என்றார்.

"உங்க சமாதானத்துல தீயை வைக்க! அவர் கல்லறையையே திறந்துக்கிட்டு வந்தவரு. உள்ளேயே இருந்துக்கிட்டு, சுதந்திரமா இருக்கேன்னு சொல்லி அனுப்பலை. எழுந்திரிங்க!" அவள் கத்தியதில் சுவரில் காரை உதிர்ந்தது. பிறகு வார்டர் பக்கம் திரும்பினாள். "நீயும் வா தம்பி. உன்னையும்தான் இதுக்குள்ள போட்டு வச்சிருக்கானுங்க."

வார்டர் தொப்பியைக் கழற்றி ஸ்டூலின் மேல் வைத்தார். காலில் சங்கிலி கிடந்த டிரைவரை அவரும் அவளும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு, பட்டப்பகலில் பெரிய தெரு வழியாக நடந்தார்கள். தடுக்க வந்த படை, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரம் ஒதுங்கியது.

ஜெபச் சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. பிடித்தவர்களை வைக்க இடமில்லாமல் அது தானாகக் கிடந்து மட்கியது. அவள் கோபமும் கடைசிவரை தணியவில்லை. அந்த ஊருக்கு மாற்றலாகி வரும் அதிகாரிகள் இப்போதெல்லாம் கையோடு திரைச்சீலை வாங்கி வருகிறார்கள். உள்ளே போகிறவர்கள் ஒருமுறை இருமிவிட்டுப் போகிறார்கள்.