கொட்டகைக்குள் நின்ற டெலிபோன் கம்பம்

பெங்களூர் ஈஜிபுராவில் வானம் பார்க்க வேண்டுமென்றால் உத்தமன் வீட்டுப் பின்பக்கத்துக்குத்தான் போக வேண்டும். மற்ற இடமெல்லாம் ஐந்து மாடி, ஆறு மாடி. எதிரெதிர் பால்கனிக்காரர்கள் கை நீட்டினால் ஒரே தட்டில் சாப்பிடலாம். அந்த நெரிசலுக்கு நடுவில் ஒரு மாட்டுக் கொட்டகை. சுவரும் மண், கூரையும் மண். விட்டத்தின் மேல் மூங்கில் பரப்பி, அதன் மேல் புங்கந்தழை போட்டு, அதற்கும் மேலே ஒரு முழம் கனத்துக்குக் களிமண் மிதித்துக் கட்டியது. ரெண்டு மழை விழுந்தால் கூரை முழுக்கப் புல் முளைத்துவிடும். பைலட்டுகள் இந்தப் பச்சையை அடையாளம் வைத்துத்தான் விமானத்தைத் திருப்புகிறார்கள் என்று உத்தமன் சொல்வார். கீழே, தலைக்கு மேல் ஒரு மேய்ச்சல் நிலமே இருப்பது தெரியாமல், கெம்பி என்கிற செவலைப் பசு கட்டுப்புல் மென்றுகொண்டிருக்கும்.

கொட்டகையைக் கட்டியவர் உத்தமனின் மாமனார். மகள் அம்புஜம் பிறந்த வருஷம் கட்டினார். ஆக, அம்புஜத்துக்கும் கொட்டகைக்கும் ஒரே வயது, அறுபத்தாறு. இதை உத்தமன் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. டெலிபோன் இலாகாவில் லைன்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். வாய்க்கு மட்டும் யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. கேட்கிற ஆளைப் பொறுத்துக் கொட்டகையின் வயது நூறாகும், இருநூறாகும்.

மகன் ரகுவிடம் அது செல்லவில்லை.

"ப்பா, சுத்தி எல்லாரும் பி.ஜி. ஹாஸ்டல் கட்டி வாடகைக்கு விட்டுட்டாங்க. நம்ம சைட்ல மட்டும் மாடு தூங்குது."

"இது ஹெரிடேஜ்டா. கை வச்சா கோர்ட்டுல இழுப்பாங்க."

"யாரு சொன்னது?"

"நான் சொல்றேன்."

"சும்மா விடுங்க ப்பா. பழைய கட்டடமெல்லாம் பார்த்து எழுதற ஆர்கிடெக்ட் ஒருத்தங்க இருக்காங்க, தர்ஷினின்னு. வரச் சொல்றேன். வச்சுக்க வேண்டிய கட்டடம்னு அவங்க சொன்னா, நான் தொடமாட்டேன். இல்லேன்னா இடிச்சிடுவேன்."

ரகு அப்பாவைக் கொண்டு பிறக்கவில்லை. ஒரு சொல் சொன்னால் அந்தச் சொல்தான்.

வெறும் அறுபத்தாறை யார் மதிப்பார்கள்? முன்னூறாவது வேண்டாமா? உத்தமன் கொட்டகைக்குள் போய் ஒரு வெளியாளின் கண்ணோடு சுற்றிப் பார்த்தார். நட்ட நடுவில் நின்று காட்டிக்கொடுத்தது ஒரு டெலிபோன் கம்பம்.

ரகு தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் நடு விட்டம் விரிசல் விட்டது. கழித்துப் போட்ட இரும்புக் கம்பம் ஒன்றை இலாகாவில் கேட்டு வாங்கி, தோளில் சுமந்து வந்து, கல்லின் மேல் நிறுத்தி ஆப்பு அடித்து முட்டுக் கொடுத்தவர் சாட்சாத் உத்தமனேதான். உச்சியில் பீங்கான் குமிழ்கூட அப்படியே இருந்தது. பால் தூக்கை மாட்ட அம்புஜம் கம்பத்தில் ஒரு கொக்கி வைத்திருந்தாள்.

அவர் சுத்தியலோடு வருவதைப் பார்த்ததும் அவள் புரிந்துகொண்டாள். "ஏங்க, அது கூரையைத் தாங்கிட்டிருக்கு."

"முன்னூறு வருஷத்துக் கொட்டகைல டெலிபோன் கம்பம் எப்படிடி வரும்?"

"ராஜா போன் பேசினாருன்னு சொல்லுங்க. வராத வார்த்தையா உங்களுக்கு?"

"அட, இந்தக் கூரை மேல யானை ஏறினாலும் அசையாது. அந்தப் பொண்ணு பார்த்துட்டுப் போகட்டும், மறுபடி நிறுத்திடறேன்."

ஆப்பு கழன்றது. கம்பம் வெளியே வந்தது. கூரையிலிருந்து ஒரு பிடி மண் உதிர்ந்ததோடு சரி. பார்த்தாயா என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

தர்ஷினி சனிக்கிழமை வந்தாள். சுவரை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள். உத்தமன் எடுத்துவிட்டார்: முன்னூறு வருஷம், குதிரைப்படை, பஞ்சத்தில் ஊரையே காத்த பால்.

தரையில் வெளுத்துத் தெரிந்த வட்டத்தைக் காட்டி அவள் கேட்டாள். "இங்க என்னமோ நின்னிருக்கே அங்கிள்?"

"மோர் கடையற மத்தும்மா."

"அவ்வளவு பெரிசா?"

"அந்தக் காலத்து மாடு! கறக்க ஏணி வச்சு ஏறணும்."

அவள் சிரித்துவிட்டு மேலே பார்த்தாள். சிரிப்பு நின்றது. "விட்டம் விரிஞ்சிருக்கு அங்கிள். மழைக்கு முன்னாடி ஒரு முட்டுக் கொடுத்திடுங்க. திங்கட்கிழமை எங்க ஆளுங்களோட வர்றேன்."

திங்கட்கிழமையும் வருகிறார்கள் என்றால் கம்பம் எப்படி உள்ளே போகும்? அது வேலியோரமே கிடந்தது.

ஞாயிறு மத்தியானம் மழை பிடித்தது. ஆலங்கட்டி ஒவ்வொன்றும் தேங்காய் அளவு என்று வேறொரு நாளாயிருந்தால் சொல்லியிருப்பார். அன்று நேரே வேலியோரத்துக்கு ஓடினார். மண் கூரை தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்தது. கம்பத்தின் ஒரு முனையைத் தூக்கியபோதுதான், அதை ஒருகாலத்தில் ஒற்றை ஆளாகச் சுமந்த தோள் இப்போது தன்னிடம் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. அம்புஜம் கத்திக்கொண்டே கெம்பியை அவிழ்த்து வெளியே இழுத்தாள். பின்னால் ஒரு பெரிய சத்தம்கூட இல்லை. சினை மாடு படுக்கும்போது விடுகிற பெருமூச்சு மாதிரி ஒன்று. திரும்பினால் கூரை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

மறுநாள் தர்ஷினி அந்தக் குவியலின் முன்னால் நின்றாள். வேலியோரத்துக் கம்பத்தைப் பார்த்தாள். உத்தமன் எல்லாவற்றையும் சொன்னார், கூட்டாமல் குறைக்காமல். அவருக்கே அவர் குரல் யாருடையதோ போல இருந்தது.

"எங்களுக்கு வயசு வேணாம் அங்கிள்," என்றாள். "ஊருக்கு நடுவுல, மண் கூரை போட்டு, இன்னும் மாடு கட்டற கொட்டகை நான் வேற எங்கயும் பார்க்கல. வச்சுக்கணும்னு எழுதியே கொண்டுவந்தேன். கம்பம் இருந்திருந்தா அதையும் எழுதியிருப்பேன். வீட்டு மாப்பிள்ளை தூக்கி நிறுத்தினதுன்னு."

"முன்னூறு வருஷம்னு நான் சொன்னது?"

"அன்னிக்கு வாசல்லயே ஆன்ட்டி சொல்லிட்டாங்க. எனக்கும் இதுக்கும் ஒரே வயசும்மான்னு."

உத்தமன் அம்புஜத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் மண்ணுக்குள்ளிருந்து பால் தூக்கைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். நசுங்கியிருந்தது. ரகு பி.ஜி. பற்றி வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பிறகு நல்ல மழை. குவியல் பச்சையாயிற்று. உத்தமன் ஆள் வைத்துக் கம்பத்தை அதன் பக்கத்திலேயே நட்டார்; கெம்பியை அதில் கட்டினார். இத்தனை காலம் தலைக்கு மேலிருந்த புல்லை அது நாக்கைச் சுழற்றி இழுத்துத் தின்றது.

ஒரு நாள் காலை மண் அள்ள ஜேசிபி வந்தது. டிரைவர் முனிகிருஷ்ணன் பீடியை அணைத்தபடி, "என்ன சார் இருந்தது இங்க?" என்றான்.

"மாட்டுக் கொட்டகை."

"ரொம்பப் பழசா?"

உத்தமன் வாயைத் திறந்தார். முன்னூறு நாக்கு நுனியில் வந்து நின்றது.

"அறுபத்தாறு," என்றார்.

"அவ்வளவுதானா?" அவன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான்.

கெம்பி நிமிரக்கூட இல்லை. உத்தமன் கையைத் தூக்கி வண்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"கொஞ்சம் இருப்பா. அது தின்னு முடிக்கட்டும்."