போட்டேன்மா

என் மகள் காலையில் ஓடப் போகிறேன் என்றதும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: யாரோ பையன். பதினேழு வயதில் ஐந்து மணிக்குத் தானாக எழுந்து ஓடுகிற பிள்ளையை நான் எங்கும் பார்த்ததில்லை. இரண்டு நாள் மாடி ஜன்னலில் நின்று வேவு பார்த்தேன். பையன் யாரும் இல்லை. எதிரே இருந்த மைதானத்தை உண்மையாகவே சுற்றிச் சுற்றி ஓடினாள். நடுநடுவே நின்று பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தாள்.

நான் தையல்காரி. ஆள் வாசலில் நுழையும்போதே இடுப்பளவு சொல்லிவிடுவேன். ஆறு வாரத்தில் அவளுடைய பேண்ட்டை இரண்டு முறை பிடித்துத் தைத்தேன். முதல் முறை, "இப்பதான்டி பார்க்க லட்சணமா இருக்க" என்றேன். இரண்டாம் முறை அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

அவளுக்கு ஒன்பது வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. முதல் வகை. உடம்பு இன்சுலின் சுரக்காது. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஊசி போட்டே ஆகவேண்டும். ஓடி மட்டுமே இவ்வளவு இளைப்பாளா? எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஊசி போட்டியா?"

"போட்டேன்மா."

"எவ்ளோ?"

"எழுதி வச்சிருக்கேன், பாரு. போலீஸ் மாதிரி கேக்காத."

போலீஸ்தான். அவள் குளிக்கப் போனதும் இன்சுலின் ஊசிப் பேனாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மருந்து சரியாகக் குறைந்திருந்தது. எல்லாம் இவ்வளவு ஒழுங்காக இருந்ததுதான் எனக்கு இடித்தது. சீப்பைக்கூட ஒரே இடத்தில் வைக்கத் தெரியாதவள் அவள்.

சனிக்கிழமை துவைக்க எடுத்தபோது அவளுடைய துண்டில் ஒரு வாடை. காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் வாடை. இன்சுலினுக்கும் அதே வாடைதான். எட்டு வருஷமாக முகர்ந்த மூக்கு எனக்கு. ஆத்திரம் தலைக்கேறியது. துண்டைக் கொண்டுபோய் அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ஊசி போட்டா வெயிட் ஏறுதும்மா," என்றாள். "ஓடினா சுகர் எறங்கிடுது, உடனே ஜூஸ் குடிக்கணும். ஓடினதெல்லாம் வீண். பாதி மருந்தைத் துண்டுல விட்டேன், அப்பதான் எளைச்சேன். நீயே சொன்னியே, லட்சணமா இருக்கேன்னு."

என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வாங்குவதைக் கவனித்தேன். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். மீட்டரில் எண்ணே வரவில்லை; அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

"ஓடட்டும், நல்லதுதான்," என்றார் நர்ஸ். "மருந்து போடாம ஓடினா உடம்பு தன்னையே தின்னும். ஓடுற நாள்ல மருந்தையும் சாப்பாட்டையும் எப்படி மாத்தணும்னு நாங்க சொல்லித் தருவோமே. கேட்டிருக்கலாம்ல?"

எங்கள் வீட்டில் கேள்விக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. ஏன் ஓடுகிறாய் என்று மட்டும் நான் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அவள் ஊசிப் பேனாவோடு கட்டிலில் உட்கார்ந்தாள். நான் கதவோரம் போய் நின்றேன். வெளியே போ என்பாளோ என்று பயமாக இருந்தது.

"நாளைக்கும் வந்து நிப்பியா?"

"நிப்பேன்."

"என் மேல நம்பிக்கை இல்லாமயா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஆமா," என்றேன்.

சட்டையைத் தூக்கி வயிற்றில் குத்தினாள். மருந்து முழுவதும் இறங்கும்வரை ஊசியை எடுக்கவில்லை.

"நில்லும்மா," என்றாள். "எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல."