பூஸியானின் தொப்பி மாட்டிய சுவர்

ஓரான் நகரத்தில் பாடகி கெய்ராவின் பாட்டு ஒலித்த வீடுகளிலெல்லாம் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பியது. சுண்ணாம்பு அடித்த சாதாரணச் சுவர்தான். பாட்டு முடிந்ததும் போய்விடும். யாரும் அதிசயப்படவில்லை. காதலும் மதுவும் வருகிற பாட்டை அப்பனும் பிள்ளையும் சேர்ந்து கேட்பது வெட்கக்கேடு என்பதால், அதுவரை யாராவது ஒருவர் எழுந்து வெளியே போகவேண்டியிருந்தது. அந்த அலைச்சல் மிச்சம் என்று பேசிக்கொண்டார்கள்.

சிரமமெல்லாம் கெய்ராவின் தகப்பன் பூஸியானுக்குத்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். ஊரே கொண்டாடும் மகள் பாடும்போது அவள் முகத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவள் முணுமுணுத்தாலே மூக்குக்கு முன்னால் சுவர் நிற்கும். முதல் வருஷம் கோபித்துக்கொண்டார். இரண்டாம் வருஷம் அதில் ஓர் ஆணி அடித்துத் தொப்பியை மாட்டினார். சுவரோடு தொப்பியும் போகும், அடுத்த பாட்டுக்குத் திரும்பி வரும்.

"ஏ கெய்ரா, காப்பிக்கடைக்குக் கிளம்பணும். ஒரு வரி பாடேன், தொப்பியை எடுத்துக்கறேன்."

"கேக்கணும்னு சொல்லேன் பா, தொப்பி மேல ஏன் பழி போடறே?"

பதினோரு வருஷம் சுவரில் காதை வைத்துத்தான் கேட்டார். காதில் ஒட்டிய சுண்ணாம்பைப் பார்த்ததும் கெய்ரா துண்டை நீட்டுவாள். பிறகு அவர் கண்கள் மங்கத் தொடங்கின. இடது கண் போய்விட்டது, வலது கண்ணும் அதிக நாள் தாங்காது என்றார் டாக்டர். மகள் முகத்துக்கு நேரே சொல்லக் கூசியதைப் பூஸியான் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "இதுவும் போறதுக்குள்ள நீ பாடறதை ஒருதரம் பாத்துடணும்டி."

கெய்ரா மறுநாளே வானொலி நிலையத்துக்குப் போனாள். ஊரறிய ஒலித்துவிட்டால் வெட்கம் போய்விடும், சுவரும் போய்விடும் என்பது அவள் கணக்கு. அங்கே ஒவ்வொரு வகைப் பாட்டுக்கும் ஓர் அலமாரி இருந்தது. "உன்னோடது எந்த வகைம்மா?" என்றார் அதிகாரி. பெயர் இல்லை என்றாள். பெயரில்லாததற்கு அலமாரியும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த மாதிரிப் பாட்டுக்குக் கடைகளிலும் பெயரில்லை. வந்தவர்கள் குரலைத் தாழ்த்தி "அது இருக்கா?" என்பார்கள். இந்தக் கிசுகிசுப்பில் சலித்துப்போன கேசட் கடை லஹ்ஸன், இந்தப் பாடகர்கள் எல்லோரும் வரிக்கு வரி கூவுகிற 'ராய்' என்ற சொல்லையே கேசட்டுகள் மேல் எழுதி ஒட்டினான். 'என் புத்தியே' என்று பாடுகிறவர் தன்னைத்தானே நொந்துகொள்ளும் சொல் அது. மற்றக் கடைகளிலும் அதையே எழுதியிருந்தார்கள். முதலில் எழுதியது தான்தான் என்று ஆளாளுக்கு இன்றும் சத்தியம் செய்கிறார்கள். பெயர் வந்ததும் ஜனங்கள் உரக்கக் கேட்டார்கள். சுவர்கள் இடுப்பளவாயின, பிறகு முழங்காலளவாயின. எண்பத்தைந்தாம் வருஷக் கோடையில் ஒரு மதியம் வானொலி அறிவித்தது: "அடுத்து ராய் இசை. பாடுபவர் கெய்ரா."

சோற்றுத் தட்டுக்கு அந்தப்பக்கம் கெய்ராவும் கூடவே பாடினாள். சுவர் வரவில்லை. பூஸியான் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கண்ணை மூடிக்கிட்டா பாடுவே?"

"இத்தனை வருஷம் எதிர்ல சுவர்தானே பா. தெறந்து என்னத்தைப் பாக்கறது?"

"தெற. நான் இருக்கேன்."

தொப்பி மட்டும் திரும்பவில்லை. புதிது வாங்கச் சொன்னவர்களிடம், சுவர் எங்கேயோ தனியாக நிற்கிறது, அதுவாவது போட்டுக்கொள்ளட்டும் என்றுவிட்டு, வெறுந்தலையோடு காப்பிக்கடைக்குப் போனார்.