வழிமொழிய ஒரு கை

1

இந்தக் கதை ஒரு கடிதத்தின் இரண்டாவது வசனத்திலிருந்து எனக்குக் கிடைத்தது. அந்த வசனம் அப்போது எழுதப்பட்டிருக்கவில்லை. அதுதான் சிக்கல்.

கடிதம் ஷெரோனுடையது. அவரும் நானும் மொன்றியலையடுத்த புவாண்ட்-கிளேரில் ஒரே கிடங்கில் வேலை செய்கிறோம். அவர் அலுவலகத்தில் சுங்கப் பத்திரங்கள் பார்க்கிறார். நான் பெட்டிகளைக் கொண்டுபோகும் ஓடுபட்டிகளைத் திருத்துகிறேன். மார்ச் மாதம் ஒருநாள் மதியச் சாப்பாட்டு மேசையில் அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். மேலே 'கென்ட்' என்று அவருடைய அண்ணனின் பெயர். கீழே ஒரே ஒரு வசனம்: "நான் பத்திரிகைக்கு எழுதியதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை."

"பேந்து?" என்று அடுத்த வசனத்தைக் கேட்டேன்.

"பேந்துதான் வருகுதில்லை, யோகன். மூண்டு கிழமையாய்."

[ஷெரோனுக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் கதைப்பது ஆங்கிலம், இடையில் கொஞ்சம் பிரெஞ்சு. ஆனால் இருபது வருடமாக அவர் சொல்வதெல்லாம் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே விழுகிறது. வேறு விதமாக எழுதிப் பார்த்தேன்; அது ஷெரோனாக இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.]

சிக்கலைப் பிரித்துக் காட்டுகிறேன். இரண்டாவது வசனம் மன்னிப்பாக இருந்தால் முதலாவது பொய்யாகிவிடும். விளக்கமாக இருந்தால் பழைய சண்டை தொடங்கும். சுகம் விசாரித்தால், அப்படியொரு முதல் வசனத்துக்குப் பிறகு அது நக்கலாகக் கேட்கும். முதல் வசனத்தையே எடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "அதை எடுத்தால் எழுதுறது நானில்லை" என்றார்.

அவசரமும் இருந்தது. மே மாதக் கடைசிச் சனிக்கிழமை கென்டின் மகளுக்கு ஞானஸ்நானம். ஷெரோன் மோர்மன். அவர்கள் பிள்ளைக்கு எட்டு வயதானபின் முழுதாக நீரில் அமிழ்த்தி ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பக்கத்தில் இரண்டு சாட்சிகள் நிற்பார்கள். அவர்களுடைய வேலை ஒன்றே ஒன்று: பிள்ளை முழுதாக அமிழ்ந்ததா என்று பார்ப்பது. ஒரு கால்விரல் மேலே தெரிந்தாலும் திரும்பச் செய்ய வேண்டும். (இதைக் கேட்ட அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. இவ்வளவு நேர்த்தியான தரக்கட்டுப்பாடு எங்கள் கிடங்கில் இல்லை.) அந்தச் சிறுமி ஐந்து வயதிலேயே அத்தையைச் சாட்சியாகக் கேட்டுவைத்திருந்தாள். கென்ட் ஒன்பது மாதமாகத் தங்கையோடு கதைக்கவில்லை. அழைப்பும் வரவில்லை.

2

தொடக்கங்கள்.

முதலாவது: பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு— (இல்லை. மொன்றியலில் எழுதப்படும் எல்லாத் தமிழ்க் கதையிலும் முதல் வரியில் பனி கொட்டுகிறது.)

இரண்டாவது: அமெரிக்க ஜனநாயகம் இன்று— (வானொலிச் செய்தி ஆய்வு போலிருக்கிறது.)

மூன்றாவதை என் மனைவி சிவாஜினியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, எங்கட பழைய மாணவர் சங்க மலரில போய் ஒரு வெள்ளைக்காரி தமையனுக்கு எழுதின கடிதத்தைப் போட்டால் ஆர் வாசிக்கப்போகினம்?"

"நீர் வாசிக்கமாட்டீரோ?"

"நான் உங்களைக் கட்டினபடியால் வாசிப்பன். மற்றாக்களுக்கு என்ன விதி?" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அவவின்ர அமெரிக்கா எங்கட கனடாவைப் பிடிச்சு மாநிலமாக்கப் போகுதாமெல்லே. அவ என்ன சொல்லுறா?"

ஆகவே ஷெரோன் என்ன சொல்கிறார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

3

வெள்ளைச் சட்டையும் கறுத்தப் பெயர்ப்பட்டியுமாக இருவர் இருவராய்க் கதவு தட்டும் பிள்ளைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஷெரோன் இருபத்தொரு வயதில் அப்படித்தான் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலிருந்து மொன்றியலுக்கு ஊழியம் செய்ய வந்தார். பிரெஞ்சு பழகினார். ஊருக்குப் போய், பிறகு திரும்பிவந்து இங்கேயே வில்லரேயில் குடியேறிவிட்டார். தேநீரும் கோப்பியும் குடிப்பதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் சிவாஜினி மல்லித் தண்ணி கொடுப்பார்.

வாக்கு இன்னும் ஐடஹோவில்தான். தபாலில் அனுப்புவார். அவருடைய சபை எந்தக் கட்சிக்கும் சார்பில்லை என்று தேர்தல் காலத்தில் ஒரு கடிதம் வாசிப்பார்களாம். "எங்கட ஊரில அதை வாசிச்சு முடியும்வரைக்கும் அமைதியா இருந்துபோட்டு, போய் எல்லாரும் ஒரே கட்சிக்குப் போடுவினம்" என்று சிரிப்பார். அவர் மற்றக் கட்சிக்குப் போடுகிறவர். "சபைக்குள்ள நான் இடதுசாரி. வெளியில என்ர கூட்டாளியளுக்கு நான் மோர்மன். ரெண்டு பக்கமும் ஒரு மாதிரித்தான் பாக்கிறது."

ஒன்பது மாதத்துக்கு முன் ஐடஹோவிலுள்ள தன் ஊர்ப் பத்திரிகைக்கு அவர் எழுதியது மூன்று பந்தி. 1838இல் மிசூரி மாநில ஆளுநர் கையெழுத்திட்ட கட்டளையால் மோர்மன்கள் அந்த மாநிலத்தைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். வெளியேறு, இல்லாவிட்டால் அழிக்கப்படுவாய் என்பதே கட்டளை. அது இரத்துச் செய்யப்பட்டது 1976இல். ஷெரோன் எழுதினார்: அப்படித் துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் நாங்கள். முகமூடி போட்ட அரச அதிகாரிகள் வேலைத்தலத்தில் இறங்கிக் குடியேறிகளை ஏற்றிக்கொண்டு போகையில் நாங்கள் எப்படிக் கைதட்டலாம்?

இதையே என்னிடம் கதைக்கும்போது இன்னும் எளிதாகச் சொல்வார். "அரசியலமைப்பைக் கடவுள்தான் எழுதத் தூண்டினவர் எண்டு எங்கட சனம் நம்புது. நானும் நம்புறன். அப்ப கடவுள் தூண்டினதை ஒருத்தர் விரும்பினபடி மீறேக்க எங்களுக்கெல்லோ முதல்ல கோவம் வரவேணும்?"

"கனடாவைப் பிடிக்கிற கதை?"

"அதைக் கேட்டால் வெக்கமா இருக்கு. ஆனால் யோகன், என்ர நாட்டில எனக்கு நன்றி இருக்கு. நன்றி இல்லாட்டி நான் ஏன் இவ்வளவு கோவப்படுறன்? சும்மா விட்டிட்டு ஹொக்கி பாக்கலாம்."

4

இனி கென்ட். இந்தப் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

முதல் பிரதியில் அவருக்குச் சிவந்த முகமும் பெரிய வாகனமும் கொடுத்து, பத்திரிகையைக் கசக்கி எறிய வைத்திருந்தேன். சிவாஜினி கண்டுபிடித்துவிட்டார். "இந்த ஆளை நீங்கள் கண்டனீங்களோ?" காணவில்லை. எனக்குத் தெரிந்தவை இவ்வளவுதான்: பள்ளிக்கூட பஸ்களின் இயந்திரம் திருத்துகிறார். குளிர்காலத்தில் தெருவிலுள்ள வயதானவர்களின் வாசலிலுள்ள பனியை விடிய முன்பே வழித்துவிடுகிறார். தங்கையின் கட்டுரைக்கு அவர் அனுப்பிய பதில் ஒரே வரி: "நீ இங்கே இல்லை."

 அது எனக்குத் தெரிந்த வரி. யாழ்ப்பாணத்து அரசியல் பற்றி நான் தொலைபேசியில் ஏதாவது சொன்னால் என் தம்பி இதே வரியைத்தான் சொல்வான். அது முழுக்கச் சரியில்லை. முழுக்கப் பிழையுமில்லை.

அந்தச் சிவந்த முகத்தை அழித்துவிட்டேன். இயந்திரம் திருத்துகிறவர் என்பதால் எனக்கு அவரைப் பிடித்தும் போனது.

அந்த ஒரு வரிக்கு ஷெரோன் மூன்று நீண்ட விளக்கங்கள் அனுப்பினார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

5

இப்போது நான் செய்த பிழை.

ஷெரோனுடைய சபையில் சம்பளம் வாங்கும் குருமார் இல்லை. வேலைகளை அங்கத்தவர்களுக்கே பகிர்ந்து கொடுப்பார்கள். மார்ச் கடைசி ஞாயிறு அவரைச் சிறுபிள்ளைகளின் வகுப்புகளுக்குப் பொறுப்பாக நியமிக்கப் போவதாகச் சொன்னார். கட்டுரை எழுதியதால் தன்னைச் சிலர் விரும்பமாட்டார்களோ என்று அவருக்குப் பயம். "நீங்கள் வந்து ஒரு மூலையில இருங்கோ" என்றார். போனேன்.

ஆராதனை பிரெஞ்சில். என்னுடைய பிரெஞ்சு கிடங்குப் பிரெஞ்சு. பெட்டி, பாரம், கவனம், மதியச் சாப்பாடு. முன்னால் நின்றவர் ஷெரோனின் பெயரைச் சொன்னார். ஷெரோன் எழுந்து நின்றார். முன்னால் நின்றவர் ஏதோ கேட்க, எல்லோரும் வலது கையை உயர்த்தினார்கள். நான் விளங்கிக்கொள்வதற்குள் கைகள் இறங்கிவிட்டன. உடனே இரண்டாவதாக ஏதோ கேட்டார். 'அதே விதமாக' என்பது மட்டும் புரிந்தது.

ஒரு கையும் உயரவில்லை.

நான் பதினெட்டு வருடம் பழைய மாணவர் சங்கத்தில் இருந்தவன். எந்தப் பெயரையும் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆளில்லாவிட்டால் அந்தப் பெயர் விழுந்துவிடும். நல்ல மனிதர்கள் அப்படி விழுந்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன். முதலாவது கேள்வி முன்மொழிவு என்றும் இரண்டாவது வழிமொழிவு என்றும் என் மூளை கணக்குப் போட்டது. ஐயோ, ஷெரோனை வழிமொழிய ஒருவரும் இல்லையே!

கையை உயர்த்தினேன். சந்தேகமே வரக்கூடாதென்று நன்றாக நீட்டி உயர்த்தினேன்.*

* இரண்டாவது கேள்வி: "எதிர்ப்பவர்கள் யாராவது?" இரண்டுக்கும் வலது கைதான். படம் எடுத்துப் பார்த்தால் எது ஆதரவு, எது எதிர்ப்பு என்று சொல்லமுடியாது. எந்தக் கேள்விக்குப் பிறகு கை உயர்ந்தது என்பதில் மட்டும்தான் வித்தியாசம்.

மண்டபம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் புன்னகைத்தேன். ஷெரோன் புன்னகைக்கவில்லை.

6

ஆராதனை முடிந்ததும் பிஷப் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். பிஷப் என்றதும் நமக்கு அங்கியும் மோதிரமும் நினைவு வரும். இவர் வில்னர், ஹெயிட்டியில் பிறந்தவர். டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பொதி ஏற்றுகிறவர். கழுத்துப்பட்டிக்கு மேலே சோர்ந்த, நல்ல முகம். [அவர் என்னோடு கதைத்தது ஆங்கிலம்; என் காதில் அவருக்கும் அதே தமிழ்தான்.]

கதவைச் சாத்தினார். கதிரையை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்கள் அங்கத்தவர் இல்லை. உங்கட கை கணக்கில வராது. ஆனால் ஒரு கை உயர்ந்தாப் பிறகு கேளாமல் விடுறது எனக்குச் சரியாப் படேல்லை. அவவில உங்களுக்கு என்ன குறை? ஆறுதலாச் சொல்லுங்கோ."

பிழை எனக்கு அப்போதுதான் புரிந்தது.  முன்மொழிதல், வழிமொழிதல், பழைய மாணவர் சங்கம் எல்லாவற்றையும் கைகளால் விளக்கினேன். வில்னர் முதலில் தலையாட்டினார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்ப நீங்கள் எதிர்க்கேல்லை. எல்லாரையும்விடக் கூட ஆதரிச்சிருக்கிறியள்!"

"இந்த ரெண்டாவது கேள்விக்கு எத்தினை பேர் கை தூக்கியிருக்கினம்?"

"என்ர ஆறு வருசத்தில ஒருத்தரும் இல்லை. நீங்கள்தான் முதல்."

"பிறகேன் கேக்கிறியள்?"

"அதைக் கேளாட்டி முதலாவதும் கேள்வி இல்லையே. அறிவித்தல்தானே."

[இந்த இடத்தில் நான் கட்டுரை எழுதத் தொடங்கி நான்கு பந்தி அழித்தேன். ஒன்றை மட்டும் விடுகிறேன். நான் பிறந்த நாட்டில், தவறான நேரத்தில் கை உயர்த்திய ஒருவரை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினால் அவர் வீட்டில் அழத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு வில்னர் ஒரு குவளை தண்ணீர் தந்தார். அந்தத் தண்ணீருக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கதையை எழுதுகிறேனோ என்றும் சில நாள் தோன்றுகிறது.]

7

ஷெரோன் நடைவழியில் மேலங்கியைப் போட்டபடி சுவரோடு நின்றார்.

"யோகன். என்னில என்ன கோவம்?"

திரும்பவும் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் கைகளை எடுக்கவில்லை.

"பத்து நிமிசம் இதில நிண்டன். உங்களுக்கு ஒரு மறுமொழியும் யோசிக்கேல்லை தெரியுமோ? என்ர சிநேகிதர், இவருக்கு என்னில என்ன குறை எண்டுதான் யோசிச்சன். ரெண்டு கண்டுபிடிச்சன்."

"என்ன ரெண்டு?"

"இருபது வருசமா உங்கட முழுப்பேரைச் சொல்லப் பழகேல்லை. அது ஒண்டு. மற்றது, என்ர நாட்டைப் பற்றித்தான் எப்பவும் கதைக்கிறன். உங்கட நாட்டைப் பற்றி ஒருக்காலும் கேக்கேல்லை."

"மூண்டாவதும் கிடக்கு."

"என்ன?"

"காருக்குள்ள சத்தமாப் பாடுறியள்."

இம்முறை உண்மையாகச் சிரித்தார். பிறகு மேலங்கியின் பொத்தானைப் பார்த்தபடி சொன்னார்: "கென்டுக்கு மூண்டு தரம் என்னை விளக்கினன். அவனை ஒருக்காலும் கேக்கேல்லை. நாட்டில இப்ப ஒருத்தரும் 'ஆர் எதிர்' எண்ட ரெண்டாவது கேள்வியைக் கேக்கிறேல்லை எண்டு கென்டின்ர பக்கத்தைத் திட்டுறன். என்ர பக்கமும் கேக்கிறேல்லை. நானும் கேக்கேல்லை."

அன்று காரில் அவர் என் பெயரைப் பழகினார். யோகேந்திரன். 'ந்' இலும் 'தி' இலும் வழுக்கி மூன்று தரம் விழுந்தார். மெட்ரோ நிலையத்தடியில் சரியாகச் சொன்னார். பாடவில்லை.

8

முடிவுகள்.

அ. அழைப்பு வருகிறது. மே கடைசிச் சனிக்கிழமை ஷெரோன் தண்ணீரின் ஓரத்தில் நின்று கால்விரல்களை எண்ணுகிறார். (சிவாஜினி இதைத்தான் போடச் சொல்கிறார். "ஒரு கதையிலயாவது சனம் சந்தோசமா இருக்கட்டுமன்.")

ஆ. கென்டிடமிருந்து ஆறு பக்கக் கோபம் வருகிறது. பள்ளிக்கூட பஸ், சுகாதாரச் செலவு, எல்லை, 'உன்னைப் போன்றவர்கள்'. ஷெரோன் சமையலறையில் இருந்து வாசிக்கிறார். அழைப்பு இல்லை. ஆனால் ஒன்பது மாதத்துக்குப் பிறகு ஆறு பக்கம்.

இ. ஒன்றும் வரு—

தெரியாது. கடிதத்தைத் திங்கட்கிழமை தபாலில் போட்டார். இதை எழுதும்போது ஏப்ரல் இரண்டாம் கிழமை. பதில் வந்ததா என்று நான் அவரிடம் கேட்கவுமில்லை. ஷெரோனையும் கென்டையும் இப்போது உங்களுக்கும் என்னளவு தெரியும். நான் எழுதிய மூன்றில் ஒன்றை எடுங்கள், அல்லது உங்கள் அண்ணனையோ தங்கையையோ நினைத்து நாலாவதை எழுதுங்கள்.

சிக்கலுக்கு விடையை மட்டும் தரலாம், ஏனென்றால் அது வேலை செய்கிறது. முதல் வசனம் அப்படியே இருக்கிறது. அதில் ஒரு சொல் மாறவில்லை. அதை இது பொய்யாக்கவில்லை, சண்டையையும் தொடங்கவில்லை. ஷெரோனின் இரண்டாவது வசனம் இதுதான்: "அதில் நீ எதை எதிர்க்கிறாய் என்று எழுது, கென்ட், நான் மறுமொழி எழுதாமல் இரண்டு தரம் வாசிப்பேன்."