அதே சொட்டு மருந்து

குஜிலியம்பாறை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடை நடத்துகிறேன். கடைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழில் இருப்பது என் பெயர் அல்ல. அது பழனிப் பக்கத்து ஆள் ஒருவருடையது. அவர் இந்தக் கடைக்குள் கால் வைத்தது மொத்தம் இரண்டு தடவை. நான் படித்தது பிளஸ் டூ. மிச்சத்தையெல்லாம் மருந்து டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்தே கற்றுக்கொண்டேன். போன மாதம் வரை இதைப் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன். சகாயராஜ் கை ராசியான கை என்று சுற்றுப்பட்டியெல்லாம் சொல்லும்போது எனக்கு மட்டும் என்ன வெட்கம்?

கண் வலி என்று யார் வந்தாலும் நான் எடுத்துக் கொடுப்பது ஒரே சொட்டு மருந்துதான். ஸ்டீராய்டு கலந்தது. ஊற்றிய மறுநாளே சிவப்பு வடியும், உறுத்தல் நிற்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. "திண்டுக்கல் போயி சீட்டு வாங்கியார ஒரு நாள் பொழப்பு போகுமே, இத அச்சடிச்சவனுக்குத் தெரியுமா?" என்று கேட்பேன். வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

தை மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை பேச்சாயி அக்கா முந்தானையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தது. சோளத்தட்டை அறுக்கும்போது தோகை கண்ணில் அறைந்துவிட்டதாம். வாதம் வந்து படுத்த புருஷன் பொம்மையனுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க ஐந்து வருடமாக என்னிடம்தான் வருகிறது. கண் செக்கச்செவேலென்று இருந்தது. தண்ணீராகக் கொட்டியது.

"ஆஸ்பத்திரிக்குப் போகணுமா தம்பி?"

"இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா? ஒரு நாளைக்கு நாலு வேளை ஊத்துங்கக்கா. சரியாப் போகும்."

இமையை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே கொடுத்துவிட்டேன்.

அதே வாரம்தான் பூனைக்குட்டி வந்தது. ஏழாவது படிக்கும் என் மகள் அறிவுச்செல்வி அதைப் பள்ளிக்கூடத்துச் சாக்கடை ஓரத்திலிருந்து பாவாடையில் சுற்றிக்கொண்டு வந்தாள். உள்ளங்கை அளவு கறுப்புக் குட்டி. இரண்டு கண்ணும் பீளை கட்டி ஒட்டிக் கிடந்தன. தும்மித் தும்மி மூக்கும் அடைத்திருந்தது. என் மனைவி லூர்துமேரி வாசலிலேயே நிறுத்தி, "வீட்டுக்குள்ள கொண்டாந்தா ரெண்டு பேரும் வெளியதான்" என்றாள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், குட்டிக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

செல்வி அதற்கு மிளகு என்று பெயர் வைத்தாள். பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, படுக்குமுன் ஒரு தடவை. காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்து, கண்மேல் கொஞ்ச நேரம் வைத்திருப்பாள். பீளை ஊறியதும் மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைப்பாள். இந்தக் கண்ணுக்கு எடுத்த பஞ்சை அந்தக் கண்ணில் வைக்க மாட்டாள். கீறாமல் இருக்கக் குட்டியைப் பழைய துண்டில் கழுத்துவரை சுற்றி லூர்துமேரி பிடித்துக்கொள்வாள். மூன்றாம் நாள் இடது கண் பளிச்சென்று திறந்தது. வலது கண் திறந்தும் சிவப்பாகவே இருந்தது. வெளிச்சத்தைக் கண்டால் இறுக்கி மூடிக்கொண்டது.

"மாட்டு டாக்டர்கிட்டக் காட்டலாம்ப்பா" என்றாள் செல்வி.

"வீட்ல மருந்துக்கடைக்காரன் இருக்கயில மாட்டு டாக்டர் எதுக்கு?" என்று கடையிலிருந்து அதே சொட்டு மருந்தைக் கொண்டுவந்தேன்.

இரண்டே நாள். சிவப்பு போனது, குட்டி கண்ணைத் திறந்து நூலை விரட்டி விளையாடியது. செல்வி ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பூனைக்கு வைத்தியம் பார்த்த கதையை அளந்தேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை பேச்சாயி அக்கா மறுபடி வந்தது.

"வலி சுத்தமா இல்ல தம்பி. செவப்பும் போச்சு. ஆனா புகை மூட்டமாத் தெரியுது. எதுக்க வாரது ஆணா பொண்ணான்னு தெரியல."

"புண்ணு ஆறுறப்ப அப்படித்தேன் இருக்கும். இன்னொரு பாட்டில் ஊத்துங்க."

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் செல்வி குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிளகின் வலது கண்ணின் நடுவில் அரிசி முனை அளவுக்கு வெள்ளை விழுந்திருந்தது. "புண்ணு ஆறுறப்ப அப்படித்தான் இருக்கும்" என்று அவளிடமும் சொன்னேன். ஒரே நாளில் ஒரே வார்த்தையை இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த வெள்ளை கண் முழுக்கப் பரவி, நடுவில் புடைத்துக்கொண்டு நின்றது. குட்டி பால் குடிக்கவில்லை. செல்வி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தாள். கடையைச் சாத்திவிட்டு நானும் பின்னாலேயே போனேன்.

டாக்டர் கௌசல்யா வயதில் சின்னவர். புண் இருந்தால் காட்டிக்கொடுக்கும் சாயத் தாளைக் கண்ணில் ஒற்றி எடுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். "என்ன மருந்து ஊத்துனீங்க?" என்று கேட்டார். செல்வி கையோடு கொண்டுவந்திருந்த ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

"இத யாரு குடுத்தா?"

"எங்கப்பாதான். எங்கப்பா மருந்துக்கடை வச்சிருக்காங்க."

பிள்ளை உள்ளதை உள்ளபடி சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

"சார், கண்ணுல புண்ணு இருந்திருக்கு. புண்ணு இருக்கயில இத ஊத்தவே கூடாது. சிவப்பு போகும், வலி போகும், பாக்குறவங்களுக்குக் குணமான மாதிரி இருக்கும். புண்ணு மட்டும் உள்ள தின்னுக்கிட்டே போகும். இனி இந்தக் கண்ணு தேறாது. திண்டுக்கல்லுக்கு எழுதித் தாரேன். எடுத்துத் தச்சுட்டா உயிர் நிக்கும்."

"மனுசனுக்கும் அப்படித்தானா மேடம்?"

"மனுசனுக்கு மட்டும் வேற கண்ணா சார்?"

செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "யாருக்குப்பா குடுத்தீங்க?"

வீட்டுக்கு வரும் வழியில் அவளிடம் சொன்னேன். அவள் அழுதுகொண்டே, "அவங்ககிட்டயும் டாக்டருகிட்டயும் போய் நீங்கதான் தப்பாக் குடுத்துட்டீங்கன்னு சொல்லிருங்கப்பா. அப்பத்தான் டாக்டரு சரியாப் பாப்பாங்க" என்றாள். சொல்லிவிடுகிறேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன்.

பேச்சாயி அக்காவின் ஊர் கிழக்கே ஆறு கிலோமீட்டர். வழியெல்லாம் அறுத்துப் போட்ட சோளக்காடு. வண்டி ஓட்டிக்கொண்டே மாதாவை வேண்டினேன். இந்தக் கண் பிழைத்தால் கடையை இழுத்து மூடிவிடுகிறேன் என்றுகூட வேண்டினேன்.

அக்கா கட்டிலோரம் உட்கார்ந்து பொம்மையனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தது. கரண்டி அவர் வாய்க்குப் போகாமல் தாடையில் இடித்தது. திரும்பிப் பார்த்தபோது அந்தக் கண்ணைக் கண்டேன். மிளகின் கண்ணேதான். அதே வெள்ளை, அதே புடைப்பு, ஓரத்தில் சீழ் வேறு.

"வா தம்பி. நானே வரணும்னு இருந்தேன். பாட்டில் கைதவறிக் கொட்டிப்போச்சு."

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் டாக்டருக்குப் படித்தவன் இல்லை, கொடுத்த மருந்து தப்பு, கண்ணைக் கெடுத்தது நான்தான் என்று சொன்னேன். வையும், மண்ணை வாரி இறைக்கும் என்று காத்திருந்தேன். அது நடந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"நீ என்னப்பு பண்ணுவ? என் தலையில எழுதுனது. அம்புட்டு வலிக்கு நீதேன மருந்து குடுத்த" என்றது. பிறகு கஞ்சிக் கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டு, "இவருக்கு மாத்திரை இன்னும் நாலு நாளைக்குத்தேன் இருக்கு" என்றது.

மறுநாள் லூர்துமேரியும் செல்வியும் குட்டியைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறினார்கள். பொம்மையனைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நான் பேச்சாயி அக்காவை மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மூன்று பேர் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர் எதிரே உட்கார வைத்து, கண்ணுக்குள்ளே சீழ் கோத்துவிட்டது, பார்வை திரும்பாது, எடுக்கத்தான் வேண்டும் என்றார். பிறகு பேனாவைத் திறந்து கேட்டார்.

"அம்மா, இதுக்கு முன்னாடி என்ன மருந்து போட்டீங்க? யாரு குடுத்தா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா சொல்லிவிட்டது.

"பக்கத்து வீட்டுல பாட்டில் கெடந்துச்சு சாமி. நானாத்தேன் எடுத்து ஊத்துனேன்."

"இவரு யாரு?"

"எங்கூருக்குத் தெரிஞ்ச தம்பி. தொணைக்கு வந்துச்சு."

அப்போதும் சொல்லியிருக்கலாம். டாக்டர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் மாட்டிய அடுத்தவன் சான்றிதழ் ஞாபகம் வந்தது. கடை போய்விடும், போலீஸ் வரும், செல்வியின் படிப்பு என்னாகும் என்று ஒரு நொடியில் ஆயிரம் வந்தது. என்ன சாக்குச் சொன்னாலும் அது பயம்தான். மருந்தின் பெயரை மட்டும் சொன்னேன். பாட்டிலில் படித்ததாகச் சொன்னேன். தானாக மருந்து எடுத்துப் போட்டது என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தது. "ஒன்னயக் காட்டிக் குடுத்துட்டு நாங்க யாருகிட்டப் போவோம் தம்பி? அவருக்கு மாத்திரை வேணுமில்ல." பிடித்த கை சோளத்தட்டை கிழித்துக் காப்புக் காய்த்திருந்தது.

ஆபரேஷன் தாளில் அக்கா கைநாட்டு வைத்தது. பக்கத்தில் சாட்சி என்று போட்டிருந்த இடத்தை நர்ஸ் விரலால் காட்டினாள். கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் சாயங்காலம் ஊர் திரும்பினேன். செல்வி கூடத்தில் உட்கார்ந்து குட்டியின் தையலைச் சுற்றிப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். மிளகு ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்து மெல்லக் கத்தியது. துண்டின் ஓரத்தைப் பிடிக்கச் சொன்னாள், பிடித்துக்கொண்டேன்.

"அவங்க கண்ணு?"

"எடுத்துட்டாங்க."

அவள் புதுப் பஞ்சை எடுத்து நனைத்தாள். பிறகு கேட்டாள். "நீங்கதான் குடுத்தீங்கன்னு டாக்டர்கிட்டச் சொன்னீங்களாப்பா?"

"சொன்னேன்" என்றேன்.

செல்வி நம்பிவிட்டாள்.