அசையாத நட்டும் கழன்ற தெருவும்

புது இம்பாக்ட் ரெஞ்சின் ட்ரிக்கரை முதல்முறை அழுத்தியபோது, மாட்டியிருந்த நட் அசையவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரரின் மூக்குக்கண்ணாடி திருகு கழன்று இரண்டாகி அவர் மடியில் விழுந்தது. இரண்டாம் முறை அழுத்தியபோது பக்கத்து வீட்டு ஜாம் பாட்டிலின் மூடி தானாகச் சுழன்று எழுந்து மேசையில் உட்கார்ந்தது. மூன்றாம் முறைக்கு, தெருமுனை முடிதிருத்தும் கடையின் நாற்காலி, பாதி முகம் மழித்த ஒருவரைச் சுமந்தபடி, மெல்லத் தரைவரை இறங்கியது. நட் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அது ஒரு பழைய வேனின் பின்சக்கரத்து நட். துருப்பிடித்திருந்தது என்பதைத் தவிர அதனிடம் விசேஷமாக ஒன்றுமில்லை.

ரெஞ்சை வாங்கி வந்தவன் தம்பி. அந்த ஒர்க்‌ஷாப்பில் வாடிக்கையாளர்களிடம் பேசுவது அவன் பொறுப்பு. வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்வது அக்காவின் பொறுப்பு. ஸ்பேனரின் முனையில் இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் உடம்பைத் தொங்கவிட்டு நட் கழற்றியே அவளுடைய வலது மணிக்கட்டு கெட்டுப்போயிருந்தது. தலை வாரும்போது சீப்பு நழுவி விழுந்தது. இதே மாதிரி இன்னும் ஒரு வருடம் இழுத்தால் பிறகு ஸ்பேனரை வேறு யாராவதுதான் பிடிக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால்தான் பேட்டரி ரெஞ்ச் தேவைப்பட்டது. இம்பாக்ட் ரெஞ்சுக்குள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் சுழன்று சுழன்று ஒரு அடைகல்லை அடிக்கிறது. அடி அத்தனையும் நட்டுக்குப் போகிறது, பிடித்திருக்கும் கைக்கு ஒரு நடுக்கம் மட்டுமே வருகிறது. கெட்ட மணிக்கட்டுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. சரியானதை வாங்கினால்.

தம்பி எதையும் அட்டைப்பெட்டியின் மேல் அச்சடித்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்குவான். வாழ்நாளில் ஒரு சக்கரத்தைக்கூடக் கழற்றியறியாதவனுக்கு எண்கள்மேல் அப்படியொரு பக்தி. கடைக்காரர் காருக்கு ஏற்ற நடுத்தர ரெஞ்ச் ஒன்றை எடுத்து வைத்தபோது, இருப்பதிலேயே பெரியது எது என்று கேட்டான்.

“அது லாரிக்குங்க.”

“நாங்க என்ன பொம்மைக் காரா ரிப்பேர் பண்றோம்?”

கடைக்காரர் பில் போட்டார். திருகும் பலம் ஆயிரத்து நானூறு நியூட்டன் மீட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தது. அன்று மாலைக்குள் தம்பி அதைத் தெருவில் எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தான். அதற்குப் பிறகு தெருவும் அவனை ஆயிரத்து நானூறு என்றே கூப்பிட்டது. அவன் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டான்.

லாரி ரெஞ்சின் மூக்கு முக்கால் அங்குலம். ஒர்க்‌ஷாப்பில் இருந்த, நட்டின்மேல் கவிழ்த்து மாட்டும் சாக்கெட்டுகளோ எல்லாம் அரை அங்குலம். ஆகவே நடுவில் ஒரு அடாப்டர் வந்தது. ரெஞ்சின் தொப்பை சக்கரத்தின் குழிக்குள் நுழையாததால் அடாப்டருக்குப் பின் ஒரு எக்ஸ்டென்ஷன் கம்பி. அப்படியும் நேராக எட்டாததால் கம்பிக்குப் பின் வளைந்து திரும்பும் ஒரு ஜாயின்ட். கடைசியில், கையால் திருகித் திருகி உள்முனைகள் மழுங்கிப்போன பளபளப்புச் சாக்கெட். இந்த ரயில்வண்டியைத் தோளில் தூக்கி நிறுத்தவே அக்காவுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. மணிக்கட்டைக் காப்பாற்ற வந்த சாமான், தூக்கும்போதே அதைப் பாதி தின்றுவிட்டது.

தெரு கழல்வதற்குத் தம்பி சொல்லாத காரணம் இல்லை. நிலநடுக்கம் என்றான். இந்தக் காலத்துத் திருகுகளில் தரம் இல்லை என்றான். கடைசியில், பலம் போதவில்லை என்று முடிவு செய்து ஒரு பேட்டரி ராட்செட்டும் வாங்கி வந்தான். ராட்செட்டுக்குள் சுத்தியல் கிடையாது. நட்டை எந்த அளவுக்குத் திருகுகிறதோ அந்த அளவுக்குப் பிடித்திருப்பவனையும் எதிர்ப்பக்கம் திருகும். கழன்ற நட்டை இடுக்கான இடத்தில் சீக்கிரம் சுழற்றி எடுக்கத்தான் அது. இறுகிப்போன நட்டில் மாட்டினால் மற்ற ஊர்களில் கை சுளுக்கிக்கொள்ளும். அந்தத் தெருவில் எதுவும் அரைகுறையாக நடப்பதில்லை. ராட்செட் நின்ற இடத்தில் நின்றது. தம்பி காற்றில் படுத்தபடி அதைச் சுற்றி வந்தான். சார்ஜ் தீரும்வரை சுற்றினான். இறங்கியதும், இதைவிடப் பெரிய பேட்டரி வாங்கவேண்டும் என்றுதான் அவனுக்குச் சொல்லத் தோன்றியது.

வாங்கவும் வாங்கினான். லாரி ரெஞ்சில் அதை மாட்டி அழுத்தியபோது தெருவின் குழாய்கள் அத்தனையும் தலையைக் கழற்றிக்கொண்டு தண்ணீரைப் பீய்ச்சின. பல் மருத்துவரின் பெயர்ப்பலகை கீழே வந்தது. அன்றைக்கே தெருக்காரர்கள் திரண்டு வந்தார்கள். கண்ணாடியை நூலால் கட்டிக் காதில் மாட்டியிருந்த தையல்காரர் முன்னால் நின்றார்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்த மெஷின் தெருவை விட்டுப் போகணும்மா. இல்லன்னா கடையைக் காலி பண்ணிக்கோங்க.”

அக்கா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். மெஷின் போனால் மறுபடியும் இரும்புக் குழாய்தான். மெஷின் வெறுமனே மூலையில் கிடந்தாலும் அதே குழாய்தான். தம்பி, இதெல்லாம் பொறாமை என்று அவள் காதில் கிசுகிசுத்தான். அவனைப் போய்த் தேநீர் வாங்கி வரச்சொல்லி அனுப்பிவிட்டு, தையல்காரரை அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து என்னென்ன கழல்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. முந்தின நாள் எக்ஸ்டென்ஷன் கம்பி கைக்கு அகப்படாமல், குழியில்லாத முன்சக்கரத்தில் அப்படியே அழுத்திப் பார்த்தபோது, முடிதிருத்தும் கடை நாற்காலி இறங்கவில்லை. வாடிக்கையாளர் முழு முகமும் மழித்துக்கொண்டு போனார்.

முதலில் எல்லாவற்றையும் மாட்டி அழுத்தினாள்.

“அண்ணே, என்ன ஆச்சு?”

“தையல் மெஷின் சக்கரம் கழண்டு ஓடுது. சலூன்லயும் யாரோ கத்துறாங்க.”

முன்சக்கரத்துக்குப் போய், ஜாயின்ட்டையும் கம்பியையும் கழற்றிவிட்டு அழுத்தினாள்.

“இப்ப?”

“கத்தரிக்கோல் மட்டும் ரெண்டாச்சு.”

மழுங்கிய சாக்கெட்டை எடுத்துவிட்டு, அடிதாங்குவதற்கென்றே செய்த கறுப்பு நிறத் தடித்த சாக்கெட்டை மாட்டினாள். அதற்குள்ளே ஆறே முனை. நட்டின் ஆறு பக்கத்தையும் இடைவெளியில்லாமல் பிடிக்கும்.

“இப்ப?”

“பொத்தான் டப்பா மூடி கொஞ்சமா ஆடுது. அவ்வளவுதான். ஏம்மா, மீதியெல்லாம் வேற தெருவுக்குப் போயிடுச்சா?”

எங்கும் போகவில்லை; சிந்துவதுதான் குறைந்துவிட்டது. சுத்தியலிலிருந்து நட்டுக்குப் போகும் வழியில் எத்தனை இணைப்பு இருக்கிறதோ அத்தனை இடத்திலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். நீளக் கம்பி தானும் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு இடத்திலும் அடி கொஞ்சம் சிந்துகிறது. மற்ற ஊர்களில் சிந்தியது சூடாகவும் சத்தமாகவும் போய்விடும். இங்கே தெருவுக்குப் போனது. மிச்சமிருந்தது அந்த அடாப்டர் ஒன்றுதான். முக்கால் அங்குல மூக்கு இருக்கும்வரை அதைக் கழற்ற முடியாது.

மறுநாள் அக்காவே லாரி ரெஞ்சைக் கடைக்குத் தூக்கிப் போய், அன்றைக்குக் கடைக்காரர் முதலில் எடுத்து வைத்த அரை அங்குல நடுத்தர ரெஞ்சை மாற்றி வாங்கி வந்தாள். பெட்டியைப் பார்த்ததும் தம்பியின் முகம் சுருங்கிப்போனது.

“என்னக்கா இது, நம்பர் பாதிதான் இருக்கு?”

“பாதிதான்டா. அந்தப் பாதி நட்டுக்குப் போய்ச் சேரும்.”

கறுப்புச் சாக்கெட்டை நேராக மூக்கில் மாட்டி, வேனின் பின்சக்கரத்தில் வைத்து அழுத்தினாள். ரெஞ்ச் ஒல்லியானதால் குழிக்குள் தாராளமாக நுழைந்தது. சில நொடி படபடவென்று அடித்தது. அவள் கைக்கு வந்ததெல்லாம் பைக்குள் செல்போன் அதிர்வது மாதிரி ஒரு சிறு நடுக்கம். நட் ஒரு முனகலோடு திரும்பியது. எதிர்வீட்டில் பொத்தான் டப்பா மூடியபடியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. யாரும் எதையும் காலி செய்யவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் சீப்பு கையில் நின்றது. நட்டுகளைத் திரும்ப இறுக்கும்போது கடைசி இறுக்கத்தை மட்டும், அளவு வந்ததும் ‘டக்’ என்று சொல்லும் கைரெஞ்சால் மென்மையாக முடிப்பாள். தம்பியிடம் அந்த வேலை ஒருநாளும் கொடுக்கப்படவில்லை. அவனுக்கு ‘டக்’ போதாது.

ஆனாலும் அவனுக்கென்று ஒரு வேலை அமைந்தது. மூடி திறக்காத பாட்டில், இறுகிப்போன குழாய் இதெல்லாம் எந்தத் தெருவிலும் உண்டு. அவற்றைத் திறக்கவென்றே, அசையவே அசையாதபடி தூணில் பற்றவைத்த ஒரு நட்டில், எக்ஸ்டென்ஷன், ஜாயின்ட், மழுங்கிய சாக்கெட் எல்லாவற்றையும் அந்த நடுத்தர ரெஞ்சிலேயே மாட்டிச் சனிக்கிழமைகளில் அவன் ட்ரிக்கரை அழுத்துகிறான். ஒரு கம்பி என்றால் எதிர்வீடு வரை, இரண்டு என்றால் சலூன் வரை. கண்ணாடி போட்டவர்கள் திருகுக்கு நூல் கட்டிக்கொள்கிறார்கள்; சவரத்துக்குப் போகிறவர்கள் கொஞ்சம் தாமதித்துப் போகிறார்கள். இந்த வருடமும் அப்படித்தான். காரின் நட்டுக்கு நடுத்தர ரெஞ்சும் நேராக மாட்டிய கறுப்புச் சாக்கெட்டும்; கழன்றபின் இடுக்கில் சுழற்றி எடுக்க ராட்செட்; திறக்காத பாட்டிலுக்குச் சனிக்கிழமை காலை ஆயிரத்து நானூறு.